சவரிமுத்து யார் தோளிலும் கை போட்டவரல்ல

சவரிமுத்து இறந்துபோன செய்தி ஒரு என்ஜின் ஆயில் விளம்பரத்துக்கும் ஒரு காலை வணக்கப் படத்துக்கும் நடுவில்தான் எனக்கு வந்தது. எங்கள் கணபதி வட்டாரப் பட்டறைக்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ 'கணபதி பிரேக் சவரிமுத்து காலமானார்' என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். லேத்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தபோது அவர் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இரண்டு மூன்று ஜோடிக் கைகள் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே ஒருவர் பழைய கம்ப்ரசர் விற்பனைக்கு என்று படம் போட்டார். யாரோ அதையும் கும்பிட்டு வைத்தார்கள்.

மதியத்துக்குள் சந்து முனையில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. 'பிரேக் சக்கரவர்த்தி' என்று மேலே எழுதி, அவர் படத்தை ஒரு மூலையில் வைத்து, கண்ணீர் அஞ்சலி செலுத்தும் சங்கத்து ஆட்களின் படங்களை அதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்துவுக்கு எந்தச் சாம்ராஜ்யமும் கிடையாது. தகரக் கூரை, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, ஒரு இரும்பு ஷட்டர், அவ்வளவுதான். அந்த ஃப்ளெக்ஸை அவர் பார்த்திருந்தால் பழைய பிரேக் ஆயிலை எடுத்து அதன்மேல் ஊற்றியிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் பட்டறைக்கும் என் லேத்துக்கும் ஒரே சுவர். அவர் கழற்றித் தருகிற டிரம்மையும் டிஸ்கையும் நான் கடைந்து கொடுப்பேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. சுவரைத் தட்டினால் டீ வந்துவிட்டது என்று அர்த்தம். டீ குடிக்கும்போதும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பார். செத்த பிறகு எல்லோரும் தங்கமான மனுஷன் ஆகிவிடுகிறார்கள். சவரிமுத்து தங்கமான மனுஷன் இல்லை. சிடுமூஞ்சி. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் வாயைத் திறப்பதற்குள் 'வண்டிய இப்படியா வெச்சிருப்பீங்க' என்பதுதான் அவருடைய வரவேற்பு.

அவருக்குப் பிடிக்காதவை நிறைய இருந்தன. அதில் முதலிடம் போலிச் சாமானுக்கு. ஒருமுறை உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் புதிதாக வந்த பிரேக் பேடு என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சவரிமுத்து பெட்டியைப் பிரித்து ஒரு பேடை எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். கெட்டுப்போன மீனை முகர்ந்தவர் மாதிரி முகம் கோணியது. "அட்டப்பொட்டி மட்டும்தானுங்க ஒரிஜினல்" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் வாங்கிப் போடறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்கறீங்க பாருங்க, அதுதான் எனக்கு வாந்தி வருது" என்று சொல்லிப் பெட்டியை அவர் கையிலேயே திணித்து அனுப்பினார். அந்தக் கடைக்காரர் போட்ட கும்பிட்ட கைகளும் குழுவில் இருக்கின்றன.

இன்னொரு நாள் ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. பின் சக்கரம் ஒன்றில் ஆயில் கசிந்து உள்ளே எல்லாம் ஊறிப்போயிருந்தது. வேனுக்குச் சொந்தக்காரர் அவசரத்தில் இருந்தார். "முன்னாடி நல்லாப் புடிக்குதுங்க. பின்னாடி அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். சவரிமுத்து குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "உங்க ஊட்டுல முன்வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்டாப் போதுமுங்களா? பொறவாசல் தொறந்தே கெடக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு முகம் சுண்டிவிட்டது. வேலை முடிகிற வரை சாவியைத் தராமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் சவரிமுத்து. அந்த மனிதர் அப்புறம் எங்கள் சந்துக்கே வரவில்லை.

எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர்போன ஊர். பஸ்ஸில் காலை மிதித்தவரிடமும் 'ஏனுங்க' என்றுதான் ஆரம்பிப்போம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு உருகிப்போகிறார்கள். கூடவே இருந்து பார்த்தால்தான் இந்த மரியாதையின் நாற்றம் தெரியும். முடியாது என்று யாரும் சொல்லமாட்டோம். தப்பு என்று யாரும் சொல்லமாட்டோம். 'பாத்துக்கலாமுங்க', 'ஆயிருமுங்க' என்று இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். சவரிமுத்துவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "ஆயிருமுங்கறது ஒரு பதிலுங்களா? எப்ப ஆகும், யாரு ஆக்கறதுன்னு சொல்லோணுமல்ல" என்பார். போதாக்குறைக்கு, எல்லோருக்கும் 'ங்க' போடும் எங்கள் ஆட்களின் வாய் அவர் முன்னால் வந்ததும் அதை விழுங்கிவிடும். எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது தோட்டமும் கிணறும் வைத்திருந்த குடும்பங்களை. நானும் அதில் ஒருவன்தான். சவரிமுத்துவின் அப்பாவும் தாத்தாவும் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அவர் வயதில் பாதி இருக்கிறவன்கூட 'ஏ சவரி' என்றுதான் கூப்பிடுவான். அவர் திரும்பிப் பார்த்து, 'சொல்லுங்க' என்பார்.

இவ்வளவும் சொன்னது செங்காளியப்பனின் வேன் பற்றிச் சொல்வதற்காகத்தான். பல வருடத்துக்கு முந்தைய இந்தக் கதை தெரியும் என்று நினைப்பவர்களும் படியுங்கள். இப்போது ஊரில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

செங்காளியப்பன் அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரர். டிராவல்ஸ் வேன்களும் ஓட்டினார். மகள் பிரியாவைத் தினேஷுக்குக் கட்டிக்கொடுத்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புது மாப்பிள்ளைக்கு வண்டி வேலையில் ஆர்வம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு வேனின் பின் சக்கரங்களுக்குப் புதுக் காலிப்பர்களைத் தானே மாட்டிவிட்டார். பிரேக் போட்டால் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் குறடுதான் காலிப்பர். மாமனார் வீட்டில் ஒரே பெருமை. மாப்பிள்ளையே மாட்டிவிட்டார் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு குறை, பின் பிரேக் பிடிக்கவில்லை. பெடலை மிதித்தால் தலையணையை மிதித்த மாதிரி உள்ளே போனது. மறுநாள் விடிந்ததும் சம்பந்தி வீட்டார் எல்லோரையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு வால்பாறை போவதாக ஏற்பாடு. அந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில், ஆள் நிறைந்த வேனை முன் பிரேக்கை மட்டும் நம்பி இறக்குவது எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

பிரேக்கில் பாகம் மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் தளர்த்த, ஆயிலோடு காற்று கொப்புளமாக வெளியேறும். காற்று மேலேதான் போகும் என்பதால் நிப்பிளும் மேலே இருக்க வேண்டும். தினேஷ் இடது பக்கக் காலிப்பரை வலது பக்கமும் வலது பக்கத்தை இடது பக்கமும் மாட்டியிருந்தார். அதனால் நிப்பிள் இரண்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை முறை மிதித்தாலும் ஆயில் மட்டும்தான் வரும், காற்று மேலேயே உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க மேதை எவனும் தேவையில்லை. வண்டிக்கு அடியில் குனிந்தாலே தெரியும். டிஸ்கைப் பார்க்கக் குனிந்த எனக்கே தெரிந்தது.

எங்களிடம் வருவதற்கு முன்னால் வேன் இரண்டு பட்டறைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. ஒரு பட்டறையில் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்றியிருந்தார்கள். இன்னொன்றில் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் வேலை தெரிந்தவர்கள்தான். அவர்களுக்குக் கண் அவிந்தா போயிருந்தது? பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறார். மாப்பிள்ளை மாட்டியது தப்பு என்று மாமனார் முன்னால் எவன் சொல்வான்? அதனால் நன்றாக இருந்த பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, 'இனி ஆயிருமுங்க' என்று சொல்லி அடுத்த பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

நான் செங்காளியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, காலிப்பர் இடம் வலம் மாறியிருக்கிறது என்று சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தெரியுமுங்க. சத்தமாச் சொல்லாதீங்க, மாப்பிள்ள காதுல உழுந்துரப் போவுது" என்றார். அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பட்டறை பட்டறையாக அலைந்திருக்கிறார். பெற்ற மகள் அந்த வேனில்தான் மலையேறப் போகிறாள்.

பிறகு செங்காளியப்பன் குழிக்கு அருகில் போய்க் குனிந்து, "ஏ சவரி, மாப்பிள்ளய நானு டீக்கடைக்குக் கூட்டீட்டுப் போறேன். அதுக்குள்ள சத்தமில்லாம மாத்தி மாட்டிப்போடு. கேட்டா ஏர் அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லிரு" என்றார். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். சுலபமான வழிதான். வண்டி சரியாகிவிடும், மாப்பிள்ளை மனசும் நோகாது, யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஊரில் நூற்றுக்கு நூறு பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். "அவரையே கூப்பிடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"உங்க ஊட்டுல இன்னும் ரெண்டு வேன் நிக்குதுங்களே. அதுக்கும் அவருதான மாட்டப்போறாரு. இன்னைக்கு நானு மூடி மறச்சா, நாளைக்கு அதுலயும் இப்படியேதான் மாட்டுவாரு. அப்ப கொண்டாந்து என்ற பட்டறைலதான் நிறுத்துவீங்களா, இல்ல நேரா மலைக்கே ஏத்திருவீங்களா?"

செங்காளியப்பன் வாய் திறப்பதற்குள் தினேஷே அருகில் வந்துவிட்டார். சவரிமுத்து அவரிடம், "நீங்க மாட்டுனது தப்புங்க. இடம் வலம் மாறிப்போச்சு. நீங்களே கழட்டுங்க, நானு கூட நின்னு காட்டறேன்" என்றார். குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. தினேஷ் சிரித்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, வீடியோவில் இப்படித்தான் மாட்டினார்கள் என்றார். சவரிமுத்து பாதித் தண்ணீர் இருந்த பாட்டில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார். தண்ணீர்தான் வழிந்தது. "காத்து மேல நிக்குது, மூடி கீழ இருக்குது. எப்படிங்க வெளிய போவும்?"

தெருவில் நின்ற ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் தினேஷுக்குத் தாங்கவில்லை. "யாருகிட்டப் பேசறேன்னு தெரிஞ்சு பேசு. எங்க தோட்டத்துல வேல செஞ்ச பரம்பரை நீயி, எனக்குப் பாடம் எடுக்கறயா?" என்று கேட்டு அடிக்கக் கையை ஓங்கினார். செங்காளியப்பன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இதை நான் என் லேத்து வாசலில் நின்று பார்த்தேன். சவரிமுத்து ஒரு அடிகூடப் பின்னால் நகரவில்லை. "அடிக்கறதுன்னா அடிச்சுக்குங்க. அது மாறி இருக்கறது மாறித்தானுங்க இருக்குது" என்றார்.

தெருவே வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் செங்காளியப்பன் ஷட்டரை உள்ளிருந்து இழுத்து மூடிவிட்டார். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. நான் ஷட்டரைத் தட்டினேன். "ஒண்ணுமில்லீங்க, பேசீட்டு இருக்கறோம்" என்று செங்காளியப்பன் குரல் கொடுத்தார். பிறகு ஸ்பேனர் சத்தம் கேட்டதும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

ஷட்டர் திறந்தபோது தினேஷ் வேனின் முன் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரிமுத்து அவரை இறங்கச் சொல்லிவிட்டு வேனைத் தானே சந்தில் ஓட்டிப்போய் ஓங்கிப் பிரேக் போட்டார். வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. திரும்பி வந்து, பெடலை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சாவியைச் செங்காளியப்பனிடம் கொடுத்தார். வேனுக்குள் பிரியாவும் இருந்திருக்கிறாள். மாமியாருக்குச் சேலை எடுக்க அப்படியே ஆர்.எஸ்.புரம் ஜவுளிக்கடைக்குப் போகலாம் என்று கூட வந்தவள். புறப்படுவதற்கு முன் இறங்கி வந்து சவரிமுத்துவிடம், "எங்க ஊட்டுக்காரர எல்லாரு முன்னாலயும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமுங்க" என்றாள். கண் சிவந்திருந்தது. எனக்கு அந்தப் பெண்மேல் அப்போது வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

அவர்கள் வால்பாறை போனார்கள், திரும்பியும் வந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்று எடுத்த படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் சவரிமுத்து குற்றவாளி ஆனார். ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்கி மாப்பிள்ளையை அவமானப்படுத்திவிட்டான் என்று அன்னூரிலிருந்து கணபதி வரை பேசினார்கள். செங்காளியப்பனின் உறவுக்காரர் வண்டிகள் எல்லாம் வருவது நின்றுபோயிற்று. சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடமே வந்து, "நீங்களாச்சும் சொல்லப்படாதுங்களா? கொஞ்சம் பதமாப் பேசியிருக்கலாமுங்க அவரு" என்றார். பதமாகப் பேசிய இரண்டு பட்டறைகளும் அந்த வேனை அப்படியே அனுப்பிவைத்ததை அவரிடம் சொன்னேன். "அது வேறங்க" என்றார்.

அவரை முழுக்க உயர்த்திப் பேசவும் எனக்கு மனமில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. ஊரில் எவன் வண்டியில் ஒரு சொட்டு கசிந்தாலும் சீறுகிற மனிதர், தன் செருப்பு நனைகிற அளவுக்குச் சீழ் வந்தும் துணியைச் சுற்றிக்கொண்டு குழியில் இறங்கினார். நாறுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். "உங்க லேத்தப் பாருங்க" என்றார். ஒரு மாதம் சுவரைத் தட்டவில்லை. கடைசியில் அவர் மனைவி ரெஜினா அழுது கூட்டிப்போனபோது விஷம் மேலே ஏறிவிட்டது. இதற்காக அவர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. இனிமேல் அதை அவரிடம் காட்டவும் முடியாது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துச் சங்கத்தார் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இப்போது சங்கத்துச் செயலாளர் யார் என்று உங்களுக்குத் தெரியும், தினேஷ்தான். உதிரிபாகக் கடை, டிராவல்ஸ் என்று பெரிய ஆளாகிவிட்டார். முன்வரிசையில் செங்காளியப்பன். பெண்கள் பக்கம் ரெஜினாவும், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிப் பிரியாவும். மேடையில் ரோஜா மாலை, பன்னீர், காபி. பேசியவர்கள் எல்லோரும் சவரிமுத்து அதிர்ந்து பேசமாட்டார், புன்சிரிப்பு மாறாதவர் என்றார்கள். வேறு யாருடைய கூட்டத்துக்கோ தவறி வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

கடைசியாகத் தினேஷ் மைக்கைப் பிடித்தார். "என்ற குரு அவருதானுங்க" என்று ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. "அந்தக் காலத்துல நானு ஒரு வேனுக்குக் காலிப்பர மாத்தி மாட்டிப்போட்டேன். வேற ஒருத்தரா இருந்தாத் திட்டியிருப்பாங்க. சவரியண்ணன் என்ன பண்ணுனாரு தெரியுங்களா? என்ற தோள்மேல கையப் போட்டு, 'தம்பி, நல்லாத்தான் மாட்டியிருக்கற, இடம் வலம் மட்டும் மாறிப்போச்சு, வா, ரெண்டு பேருஞ் சேந்து மாத்திரலாம்'னாரு." கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அப்படி நடக்கலீங்க" என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "அவரு உங்க தோள்ல கை போடலீங்க. நீங்கதான் அவர அடிக்கக் கைய ஓங்குனீங்க. உங்க மாமனாரு புடிச்சு நிறுத்துனாரு. நானு பாத்துட்டு நின்னேன்."

பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சங்கத் தலைவர், "ஏனுங்க, துக்கத்துல போயி இதெல்லாம் எதுக்குங்க" என்றார். தினேஷ் முகம் மாறாமல் சிரித்தார். "அண்ணனுக்கு வயசாயிப்போச்சுங்க. என்னமோ மாத்தி நெனச்சுட்டு இருக்கறாரு" என்றார். கூட்டமும் சிரிக்கத் தயாரானது. அவ்வளவுதான், இதையும் மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஓங்குனது மட்டுமில்லீங்க."

பெண்கள் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். பிரியா எழுந்திருக்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஷட்டர எறக்குனதுக்கு அப்பறம் அடிச்சாரு. கன்னத்துல. அப்பாவும் பாத்துட்டுத்தான் நின்னாங்க. நானு வேனுக்குள்ள இருந்தேன்."

செங்காளியப்பன், "அம்மணி" என்று அதட்டினார். அவள் நிறுத்தவில்லை. "அடிய வாங்கீட்டு அவரே போயி ரெண்டையும் மாத்தி மாட்டுனாரு. காத்து எடுக்கறதுக்கு ஆளு வேணுமுங்களே. எங்கிட்ட வந்து, 'அம்மணி, பெடல மிதிச்சுப் புடிங்க'ன்னாரு. நாந்தானுங்க மிதிச்சேன்."

ரெஜினா அவளைத் திரும்பிப் பார்த்தார். "பல்லு வலின்னாருங்க எங்கிட்ட" என்றார். "ராத்திரி கஞ்சிதான் குடிச்சாரு."

அதற்குப் பிறகு கூட்டம் எப்படிக் கலைந்தது என்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன் என்று எழுந்து நின்றேனே, நான் சொன்னதே பாதிதான். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த அடி இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. எத்தனையோ ஆயிரம் டீ சேர்ந்து குடித்திருக்கிறோம், போலி பேடு விற்கிறவனைப் பற்றி மணிக்கணக்காகத் திட்டியிருக்கிறார், இதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார். அவர் அப்படி நினைத்ததைத் தப்பு என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இனி அவருடைய பொறுமை, மன்னிக்கும் குணம் என்று அடுத்த கூட்டத்தில் பேசுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவர் யாரையும் மன்னிக்கவில்லை. அருவருப்போடுதான் அந்தச் சக்கரத்தடியில் குனிந்திருப்பார். மறுநாள் அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் உயிரோடு இறங்க வேண்டும், அதற்குப் பின் பிரேக் பிடித்தாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சக்கரவர்த்தியையும் குருவையும் தங்கமான மனுஷனையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கன்னம் எரிய எரிய, அடித்தவனுடைய அப்பா அம்மா ஏறப்போகிற வண்டிக்குக் கடைசிக் கொப்புளம் வரை காற்றை எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாரே, அந்தச் சிடுமூஞ்சி மனிதரை நான் வைத்துக்கொள்கிறேன்.